பன்னிரண்டாவது பாயிண்ட்: மைனஸ் ஆறு

“அந்த சிமெண்ட் தளத்தை உடைக்கணும் சார்.”

2009 மார்ச் 2, திங்கட்கிழமை, மாலை 4.05. திருப்பூர் பல்லடம் ரோட்டில் எங்கள் ஆபீஸ். இதைச் சொன்னது நான்தான். கேட்டவர்கள் இரண்டு பேர். என் முதலாளி மோகன்ராஜ், சாயப்பட்டறைக்காரர் லிங்கசாமி. இரண்டு பேரும் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறார்கள். போய்க் கேளுங்கள். நான் அப்படிக் கேட்கவே இல்லை என்று அவர்கள்கூடச் சொல்ல மாட்டார்கள். எனக்குப் பைத்தியம் என்பார்கள். அது வேறு.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மோகன்ராஜ் எனக்கு ஒரே ஒரு விதி சொன்னார்.

“பார்ட்டி எடத்துல பூட்டியிருக்கறதைத் திறக்கச் சொல்லாத. மூடியிருக்கறதை எடுக்கச் சொல்லாத. நமக்கு வேல மேல. கீழ என்ன இருக்குதுன்னு நமக்கு வேண்டாங் கண்ணு.”

எங்களுக்கு வேலை மேலேதான். ஒரு குட்டி பிளேன். தெர்மாக்கோல் மாதிரி ஒரு பொருளில் செய்தது, இரண்டு முழ இறக்கை, வயிற்றில் ஒரு சாதாரண டிஜிட்டல் கேமரா. இன்றைக்கு எல்லாரும் ட்ரோன் என்கிறார்களே, அதற்குப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் கையால் ஓட்ட வேண்டாம். எந்தெந்த இடத்துக்கு, எவ்வளவு உயரத்தில் போக வேண்டும் என்று லேப்டாப்பில் வரிசையாக எழுதி பிளேனில் ஏற்றிவிட்டால் போதும். ஒவ்வொரு வரியும் ஒரு பாயிண்ட். பிளேன் ஒரு பாயிண்டைத் தொட்டதும் ஒரு போட்டோ எடுக்கும், லேப்டாப்பில் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். அடுத்த பாயிண்ட், அடுத்த டிக். முடிந்ததும் திரும்பி வரும்.

அந்த வரிகளை எழுதுவதுதான் என் வேலை. எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. அப்பா சாயப்பட்டறையில் இருபது வருஷம், நகக்கண்ணில் நீலம் போகாது. அம்மா பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறாள். நான் ஏதாவது எதிர்த்துக் கேட்டால் ஊரில் எல்லாருக்கும் ஒரே பதில், “படிச்ச திமிரு.” ஆமாம், திமிர்தான். படித்ததற்கு அதுகூட இல்லையென்றால் எப்படி?

எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் திருமூர்த்தி என்று ஒருவன் இருந்தான். நான் அவனைப் பார்த்ததில்லை. பொங்கல் முடிந்து ஜனவரி 19 அன்று வந்தான், ஒரு நாள் வேலை பார்த்தான், சொல்லாமல் போய்விட்டான் என்றார்கள். திருப்பூரில் இது பெரிய செய்தியே இல்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போகிற பாதிப் பேர் திரும்ப மாட்டார்கள். போகும்போது ஆபீசின் கையடக்க ஜி.பி.எஸ். கருவியையும் தூக்கிக்கொண்டு போய்விட்டானாம். “திருட்டுப் பய” என்றார் மோகன்ராஜ்.

ஆனால் தினமும் மாலை 4.15-க்கு ஆபீஸ் போன் அடிக்கும். அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் மயிலாள். அவனுடைய அக்கா. டீ டைமில் வெளியே வந்து, பெட்டிக்கடை காயின் போனில் ஒரு ரூபாயைப் போட்டுப் பேசுவார். ஒரே கேள்வி.

“ஏனுங்க, எந்தம்பி வந்தானுங்களா?”

“இல்லீங்க்கா. வேலைய உட்டுட்டுப் போயிட்டாருங்க.”

இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். நானும் சொன்னேன். பதினாறு நாள் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

லிங்கசாமியின் பட்டறை அருள்புரத்திலிருந்து உள்ளே நாலு கிலோமீட்டர். புதிதாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்டப்போகிறார். அதற்கு மேலிருந்து எடுத்த படம் வேண்டும். திருமூர்த்தி பாதியில் விட்ட வேலை அதுதான்.

பிளேன் பறப்பதற்கு முன்னால் ஒரு ஆள் நிலத்தில் நடக்க வேண்டும். மேலிருந்து தெரிகிற மாதிரி அங்கங்கே சுண்ணாம்பில் பெரிய பெருக்கல் குறி போட வேண்டும். ஒவ்வொரு குறியின் நடுவிலும் நின்று கையடக்கக் கருவியில் பதிய வேண்டும். பதிந்ததும் அது நீளமாக ஒரு ‘பீ...ப்’ சொல்லும். திருமூர்த்தி போட்ட குறிகள் மங்கலாக அப்படியே இருந்தன. பதினொன்று. பக்கத்தில் அவன் கையால் எழுதிய எண்கள். நான் புதுக் கருவியோடு அதே பதினொன்றிலும் நின்று பதிந்தேன்.

பதினொன்று. இதை மறக்காதீர்கள்.

பிப்ரவரி 28, சனிக்கிழமை. நிழல் விழாமல் படம் எடுக்க உச்சிப்பொழுதுதான் சரி. 12.05-க்கு டிரைவர் சாமியப்பன் பிளேனைத் தலைக்கு மேல் தூக்கி, நாலு எட்டு ஓடி வீசினார். அவருக்கு ஐம்பது வயது. எங்கள் ஆம்னி வேனை ஓட்டுவதும் அவர்தான், பிளேனை எறிவதும் அவர்தான்.

டிக். டிக். நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்பது, பத்து, பதினொன்று.

டிக்.

“பன்னெண்டு” என்றார் சாமியப்பன்.

“பதினொன்னுதாண்ணா.”

“நானும்தாங் கண்ணு எண்ணுனேன்.”

லேப்டாப்பைப் பார்த்தேன். பன்னிரண்டு வரிகள் இருந்தன. கடைசி வரி நான் எழுதியதில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் உயரம் எண்பது மீட்டர். அதற்கு மட்டும்: -6.

பிளேன் கிளம்பிய தரைதான் பூஜ்யம். மைனஸ் ஆறு என்றால் தரைக்குள் ஆறு மீட்டர். தட்டச்சுப் பிழை, வேறென்ன? என்னையே திட்டிக்கொண்டு வரியை அழித்தேன்.

போட்டோவும் பன்னிரண்டு இருந்தது. பன்னிரண்டாவதில், பட்டறைக்குப் பின்னால், ஒரு சிமெண்ட் தளம். அதன் நடுவில் வெள்ளை வெளேரென்று ஒரு பெருக்கல் குறி.

நானும் சாமியப்பனும் நடந்து போய்ப் பார்த்தோம். புதுத் தளம். சாம்பல் நிறம்கூட மாறவில்லை. சுத்தமாக இருந்தது.

குறி இல்லை.

“அது பழைய தொட்டிங்க அம்மணி” என்றார் லிங்கசாமி, எங்கிருந்தோ வந்து. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். “மூடியாச்சு. வெயில்ல நிக்காதீங்க. போயி டீ குடிங்க.”

அன்று இரவு சாப்பிடும்போது அப்பாவிடம் கேட்டேன், பழைய தொட்டிகளை எப்படி மூடுவார்கள் என்று.

“எவன் மூடறான்? தகரத்தைப் போட்டு உட்டுருவாங்க. அதுமேல கழிவுச் சேறு காஞ்சு கெடக்கும். பாத்தா மண்ணுத் தரையாட்டவே இருக்கும். பட்டறை ஆளுக ஒதுங்கிப் போயிருவாங்க. புதுசா வர்றவனுக்கு எங்க தெரியும்?”

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

மார்ச் 1, ஞாயிறு. காற்று இல்லாத நேரம் பார்த்துக் காலை 6.50-க்கே ஏற்றினோம். பழைய ஃபைலைத் தொடவில்லை. பதினொரு வரியையும் புதிதாக அடித்தேன். சாமியப்பனைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து எண்ணச் சொன்னேன்.

“பதினொன்னு. என்ற குலசாமி மேல ஆணையா பதினொன்னு.”

6.58. பதினொன்றாவது டிக்.

பிளேன் திரும்பவில்லை. பட்டறையின் பின்பக்கம் போனது. உயரம் குறையத் தொடங்கியது. எழுபது... ஐம்பத்தைந்து... நாற்பது...

“கண்ணு, எறங்குது!”

ரிமோட்டைப் பிடுங்கி, கையால் ஓட்டும் பட்டனைத் தள்ளினேன். பதினெட்டு மீட்டரில் மூக்கைத் தூக்கியது. அதற்குள்...

டிக்.

போட்டோவில் அதே தளம். அதே குறி. இந்த முறை குறிக்குப் பக்கத்தில் ஒரு தகர டப்பா. கம்பி போட்ட கைப்பிடி. உள்ளே சுண்ணாம்பு, விளிம்பு வரை.

சாமியப்பன் லேப்டாப்பை விட்டுத் தள்ளி நின்றுகொண்டார். அங்கிருந்தே சொன்னார்.

“அந்த டப்பா நம்ம வண்டில கெடந்ததுங் கண்ணு. கைப்பிடி உட்டுப்போச்சுன்னு நாந்தேன் கம்பி போட்டுக் குடுத்தேன். திருமூர்த்திக்கு.”

“இப்ப எங்க அது?”

“அவங்கூடயே போயிருச்சு.”

திங்கட்கிழமை அவர் வர மாட்டேன் என்றார். கெஞ்சவில்லை, சண்டை போட்டேன். “நானே எறிஞ்சுக்கறேன், நீங்க வண்டியோட்டுனாப் போதும்” என்றேன். மனுஷன் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். எனக்குப் பயமில்லை என்று நினைக்க வேண்டாம். சனிக்கிழமையிலிருந்தே தூக்கமில்லை. ஆனால் அந்தப் பெண் தினமும் ஒரு ரூபாயைப் போட்டுக் கேட்கிறாளே, அதற்கு என்ன பதில் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

மார்ச் 2. மதியம் 12.14.

லேப்டாப்பில் இருந்த வரிகளை முழுக்க அழித்தேன். இந்த முறை பதினொன்றுகூட இல்லை. ஒரே ஒரு பாயிண்ட். என் தலைக்கு நேர் மேலே, எண்பது மீட்டர். அங்கேயே சுற்று, இறங்கு. அவ்வளவுதான்.

பட்டறையில் சாப்பாட்டு நேரம். மெஷின் எல்லாம் நின்றிருந்தது. அவ்வளவு பெரிய இடத்தில் ஒரு சத்தம் இல்லை.

கடைசியில் சாமியப்பனே எறிந்தார்.

12.16. டிக். ஒன்று. சரி.

12.17. டிக்.

12.17. டிக்.

பிளேன் என் தலைக்கு மேல் இல்லை. அது பதினொரு குறிகளுக்கும் போய்க்கொண்டிருந்தது. நான் எழுதாத வழியில். ஒன்று, இரண்டு, மூன்று... அவன் நடந்த வரிசையில்.

ரிமோட் பட்டனைத் தள்ளினேன். கேட்கவில்லை. மறுபடி தள்ளினேன். கேட்கவில்லை.

12.24. பின்பக்கம் போனது. தளத்துக்கு மேல் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிச் சுற்றி... கேமரா மட்டும் எடுத்துக்கொண்டே இருந்தது. டிக். டிக். டிக்.

நான் ஓடினேன். “போகாத கண்ணு!” என்று சாமியப்பன் கத்துவது கேட்டது.

12.29. தளத்தின் மேல் நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. ஆனால் செருப்பு வழியாகக் கால் சில்லிட்டது.

நிமிர்ந்து பார்த்தேன். பிளேன் எனக்கு நேர் மேலே.

மோட்டார் நின்றது.

சத்தமே இல்லாமல் சறுக்கி வந்து, தளத்தை உரசிக்கொண்டு நின்றது. மூக்கு சரியாக நடுவில்.

12.31.

காலுக்குக் கீழே...

பீ...ப்.

சிமெண்டுக்குள்ளிருந்து.

நீளமாக.

ஒரே ஒரு தடவை.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். பதினொரு குறியிலும் நின்று பதினொரு தடவை கேட்டிருக்கிறேன்.

பிளேனை வாரிக்கொண்டு எப்படி வேனுக்கு வந்தேன் என்று தெரியாது. கேமராவின் மெமரி கார்டை எடுத்து லேப்டாப்பில் போட்டேன். சுற்றும்போது எடுத்தவை மட்டும் இருபத்து மூன்று போட்டோ. வரிசையாகத் தள்ளினேன்.

முதல் சிலவற்றில் சிமெண்டே இல்லை. காய்ந்த மண் மாதிரி ஒரு தரை.

அடுத்து, அதன் மேல் ஒரு வெள்ளைக் கோடு. ஆள் இல்லை.

அடுத்து, இரண்டாவது கோடு. குறுக்கே. ஆள் இல்லை.

டப்பா. குறிக்குப் பக்கத்தில்.

டப்பா சாய்ந்திருக்கிறது.

கறுப்பாக ஒரு சதுரம். ஓட்டை.

அதற்கப்புறம் எல்லாம் கறுப்பு. பத்து, பன்னிரண்டு போட்டோ. கறுப்பு மட்டும்.

கடைசிப் போட்டோவில் சிமெண்ட் தளம். நடுவில் நான், அண்ணாந்து பார்த்துக்கொண்டு. என் செருப்புக்குப் பக்கத்தில், என்னை ஒட்டி, இன்னொரு ஜோடிக் காலடி. வெள்ளையாக.

குனிந்து என் செருப்பைப் பார்த்தேன். ஓரமெல்லாம் ஈரச் சுண்ணாம்பு.

இதையெல்லாம் நான் ஆபீசில் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். 4.05-க்கு உள்ளே போனேன். லிங்கசாமி டீ குடித்துக்கொண்டிருந்தார். மேஜையில் எனக்காக ஒரு காகிதம் காத்திருந்தது. ‘பதினொரு இடங்களிலும் ஆய்வு முடிந்தது, வரைபடத்தில் காட்டியவை தவிர வேறு கட்டுமானம் எதுவும் இல்லை’ என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். வரைபடத்தில் அந்தத் தொட்டி இல்லை.

அப்போதுதான் கேட்டேன், அந்த சிமெண்ட் தளத்தை உடைக்கணும் என்று.

மோகன்ராஜ் பேனா மூடியை மூடினார். “மொத நாளே உனக்கு என்ன சொன்னேன்?”

“ஞாபகம் இருக்குதுங்க சார்.”

“அம்மணி” என்றார் லிங்கசாமி. “அது வெறுந் தொட்டி. இருவதடி ஆழம். உள்ள ஒன்னுமில்ல.”

இருபது அடி. ஆறு மீட்டர்.

“எப்பங்க மூடுனீங்க?”

“பொங்கல் கழிச்சு.”

“தேதி சொல்லுங்க.”

“தேதியெல்லாம் எவன் கண்டான்... இருவது இருக்கும்.”

“பத்தொம்பதாந் தேதி திருமூர்த்தி உங்க எடத்துக்குத்தான வந்தாரு?”

டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது. மோகன்ராஜ் அவரைப் பார்த்தார். அவர் மோகன்ராஜைப் பார்க்கவில்லை.

“வந்தான், போயிட்டான்” என்றார் லிங்கசாமி.

“போனதை யாரு பாத்தா?”

“இத பாரு” என்றார் மோகன்ராஜ். குரல் இறங்கிப் போயிருந்தது. “தகரம் உடைஞ்சிருந்துச்சு, ஆபத்துன்னு காங்கிரீட் போட்டாரு. நல்லதுதான பண்ணியிருக்காரு? கையெழுத்தப் போடு கண்ணு. நாளைக்கு எங்க போனாலும் நல்ல சர்டிபிகேட் தர்றேன்.”

“தகரம் எப்படி உடைஞ்சுதுன்னு யாராச்சும் எறங்கிப் பாத்தீங்களா?”

மோகன்ராஜ் காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

“போடலீன்னா?”

“வேற ஆள் போடும்.”

தெரிந்தே மூடினார்களா, தெரியாமல் மூடினார்களா என்பது இன்னும் வழக்கில் இருக்கிறது. நான் அதைச் சொல்ல முடியாது. ஒன்பது நாள் கழித்துப் போலீஸ் வைத்து உடைத்தபோது நானும் மயிலாளும் அங்கே நின்றோம் என்பதை மட்டும் சொல்கிறேன். தகரம், சுண்ணாம்பு டப்பா, அப்புறம் அவன். வலது கையில் அந்தக் கருவி, பனியன் அடைக்கும் பாலித்தீன் கவரில் சுற்றி. பேட்டரி வெடித்து உப்புப் பூத்திருந்தது. புதுப் பேட்டரி போட்டாலும் அது ஒரு நாளைக்கு மேல் தாங்காது. அவன் விழுந்ததோ ஜனவரி 19.

துடைத்து வேறு பேட்டரி போட்டுத் திறந்தார்கள். உள்ளே பன்னிரண்டு பாயிண்ட். பதினொன்று ஜனவரி 19 காலையில் பதிந்தவை.

பன்னிரண்டாவதில் இருந்த தேதி, மார்ச் 2. நேரம், 12.31. உயரம், மைனஸ் ஆறு.

அவன் செத்து நாற்பத்திரண்டு நாள் கழித்து.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை இது எதுவும் எனக்குத் தெரியாது. மெமரி கார்டு என் சுடிதார்ப் பையில் இருந்தது. கையெழுத்துப் போடப் போவதில்லை என்று ஆபீஸ் படி ஏறும்போதே முடிவு செய்திருந்தேன். அவர்கள் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும் என்றுதான் ஏறினேன். கேட்டாயிற்று.

4.15. போன் அடித்தது.

மோகன்ராஜ் கை நீட்டினார். நான் முந்திக்கொண்டேன்.

“ஏனுங்க, எந்தம்பி வந்தானுங்களா?”

“அக்கா, நான் சித்ரகலா. கம்பெனிக்குள்ள திரும்பப் போகாதீங்க. அங்கயே நில்லுங்க. நான் வர்றேன்.”

“வந்துட்டானுங்களா கண்ணு?”

“எங்க இருக்காருன்னு தெரிஞ்சு போச்சுங்க்கா. ரெண்டு பேரும் டேசனுக்குப் போறோம்.”

ஒரு ரூபாய் தீர்ந்து லைன் கட்டானது.

ரிசீவரை வைத்தேன். காகிதத்தை அவர் பக்கமே தள்ளினேன். செருப்பை மாட்டினேன். சுண்ணாம்பு இன்னும் காயவில்லை.

கதவைத் திறந்தபோது பின்னால், மேஜை மேல், நான் கொண்டுவந்து மூடி வைத்திருந்த லேப்டாப்பிலிருந்து...

டிக்.

டீ கிளாஸ் விழுந்து உடைகிற சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. படி இறங்கினேன்.